குழாயைப் புதைப்பதற்கு முன்னால் படித்துவிடுங்கள்

காரைக்குடியில் ஒரு பைப் கடையில் 31 வருஷம் கணக்கு எழுதினேன். பில் போடுவது, லாரியில் சரக்கு இறங்கும்போது எண்ணுவது, கான்ட்ராக்டர்களிடம் பாக்கிக்கு நடையாய் நடப்பது, இவைதான் வேலை. ஓய்வு பெற்றபின் புதுவயல் பக்கத்தில் சொந்த ஊருக்கு வந்து உட்கார்ந்தேன். எங்கள் தெருவுக்குப் புதுக் குடிநீர் லைன் போடப் பள்ளம் தோண்டினார்கள். பழக்க தோஷம், ஊருணிக் கரையில் அடுக்கியிருந்த பைப்பில் என்ன அச்சடித்திருக்கிறது என்று குனிந்து பார்த்தேன். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தது. முத்திரையின் தலைமேல் 13592 என்று இருந்தது.

13592 என்பது கக்கூஸ் தண்ணீரும் குளியலறைக் கழிவும் போகிற பைப்புக்கான எண்.

வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த பையனைக் கூப்பிட்டுக் காட்டினேன். “ஐ.எஸ்.ஐ. தானே சார், அப்புறம் என்ன?” என்றான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். என் கடையிலேயே பத்து வருஷம் வேலை பார்த்த ஆட்களுக்கும் முத்திரை தெரியும், அதன் மேலே இருக்கிற எண் தெரியாது. 60 பைப்பையும் புரட்டிப் பார்த்ததில் 9 பைப் கழிவுநீர்ச் சரக்கு, பாக்கி 51 சரியான குடிநீர்ப் பைப். எண்ணிக்கை குறைந்திருக்கிறது, கையில் கிடைத்ததை ஏற்றிவிட்டிருக்கிறார்கள். எந்தக் கடை, எந்தக் கான்ட்ராக்டர் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. மறுநாளே மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் நான் ஒருநாள் தள்ளிப் போயிருந்தால் மேலே மண் விழுந்திருக்கும். மண் விழுந்த பைப்பை யாராலும் படிக்க முடியாது.

அதற்குப்பின் பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து “எதைப் பார்க்கணும்?” என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் திண்ணையில் உட்கார்ந்து சொன்னதை இங்கே எழுதிவிடுகிறேன்.

முதலில் யார் எதைக் கவனிக்கிறார்கள் என்று தெரிய வேண்டும். குடிநீருக்குப் போகிற பைப், தொட்டி, மருந்து எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பொறுப்பாக ஒரே அதிகாரி இருப்பார் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அப்படி யாரும் இல்லை. ஒவ்வொரு பொருளும் எப்படி இருக்க வேண்டும் என்று எழுதி வைப்பதும், அப்படிச் செய்கிற தொழிற்சாலைக்கு உரிமம் கொடுப்பதும் இந்தியத் தர நிர்ணய அமைவனம், அதாவது பி.ஐ.எஸ். இந்தப் பொருளைத்தான் வாங்க வேண்டும் என்று டெண்டரில் எழுதுவது வேலையை நடத்துகிற துறை. பெரிய திட்டமென்றால் குடிநீர் வடிகால் வாரியம், சின்ன வேலையென்றால் ஒன்றியமோ ஊராட்சியோ. பெரிய கொள்முதலில் தொழிற்சாலையிலேயே ஒரு லாட்டை, அதாவது ஒரே தொகுப்பாகச் செய்த சரக்கை, எடுத்து மூன்றாம் தரப்பு ஆய்வு நடக்கும். கடைசியில் குழாயில் வருகிற தண்ணீரைச் சோதிப்பது வாரியத்தின் ஆய்வகம். அதற்கு அளவுகோல் ஐ.எஸ். 10500 என்கிற குடிநீர்த் தரம், இப்போது நடப்பில் இருப்பது 2012 பதிப்பு.

ஆக தொழிற்சாலையில் ஒரு கண், டெண்டரில் ஒரு கண், ஆய்வகத்தில் ஒரு கண். லாரியிலிருந்து ஊருணிக் கரையில் இறங்குகிற இடத்தில் கண் இல்லை. அந்த இடத்தில் நாம் நின்றால் போதும். அதற்கு இன்ஜினியர் படிப்பு தேவையில்லை, மூக்குக் கண்ணாடி இருந்தால் ஆயிற்று.

இனி பைப்பைப் படிப்பது. பி.வி.சி. பைப்பில் எழுத்து மூன்று மீட்டருக்கு ஒரு தடவையாவது வர வேண்டும். 6 மீட்டர் பைப்பில் எழுத்தே இல்லையென்றால் அதை ஓரமாக எடுத்து வைக்கச் சொல்லுங்கள். எழுத்தில் கம்பெனிப் பெயர், வெளி விட்டம் மில்லிமீட்டரில், எத்தனை கிலோ அழுத்தம் தாங்கும் என்பது, லாட் அல்லது பேட்ச் எண், பிறகு ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கும். முத்திரைக்கு மேலே இருப்பது தர எண். கீழே சி.எம்/எல் என்று தொடங்குவது அந்தத் தொழிற்சாலையின் உரிம எண்.

தர எண்களை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். குடிநீர் பி.வி.சி.க்கு 4985. கறுப்பு எச்.டி.பி.இ. பைப்புக்கு 4984, அதில் நீலக்கோடு ஓடும். வீட்டுக்குள் போடுகிற சி.பி.வி.சி.க்கு 15778. பெரிய திட்டங்களில் வருகிற டக்டைல் இரும்புக் குழாய்க்கு 8329. மாடியில் வைக்கிற கறுப்பு பிளாஸ்டிக் டேங்குக்கு 12701. போர்வெல் கேசிங்குக்கு 12818. குடிநீர் லைனில் இருக்கவே கூடாதது 13592. மின்சார ஒயர் போகிற குழாய்க்கு 9537. அதைத் தண்ணீருக்குப் போட்டவரையும் பார்த்திருக்கிறேன், தோட்டத்துக்குத்தான் என்று சத்தியம் செய்தார்.

இதில் ஒரு வேடிக்கை. என் தங்கை மகன் அமெரிக்காவில் இருக்கிறான். அவன் வீட்டுக் குழாய்த் தலையில் என்.எஸ்.எஃப். 61 என்று பொறித்திருப்பதைப் படம் எடுத்து அனுப்பினான். அங்கே தண்ணீரில் கலக்கிற மருந்துக்கெல்லாம் 60, தண்ணீர் தொடுகிற பைப், வால்வு, தொட்டிக்கெல்லாம் 61. இரண்டே எண். முன்பெல்லாம் அவர்களுடைய சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையே ஒவ்வொரு பொருளுக்கும் கருத்துச் சொல்லிக்கொண்டிருந்ததாம். 1988-இல் இந்த இரண்டு தரமும் வந்தன, 1990-இல் முகமை அந்த வேலையிலிருந்து விலகி, வெளியிலிருக்கிற சான்று அமைப்புகளிடம் விட்டுவிட்டது. நமக்குப் பொருளுக்கொரு எண். மனப்பாடம் செய்வது கஷ்டம்தான், அதனால்தான் துண்டுச் சீட்டு என்கிறேன்.

சரி, எண் சரியாக இருக்கிறது. அது நிஜமா? முத்திரையை அச்சடிக்க ஒரு ரப்பர் உருளை போதும். கீழே இருக்கிற சி.எம்/எல் எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள். செல்போனில் பி.ஐ.எஸ். கேர் என்கிற செயலியை இறக்கி, உரிமத்தைச் சரிபார்க்கும் இடத்தில் அந்த எண்ணைப் போட்டால் எந்தக் கம்பெனி, எந்த ஊர்த் தொழிற்சாலை, எந்தப் பொருளுக்கு உரிமம், இப்போது செல்லுபடியாகிறதா என்று வந்துவிடும். மூன்று விஷயம் ஒத்துப்போக வேண்டும்: பைப்பில் உள்ள பெயர், செயலியில் வருகிற பெயர், தர எண். உரிமம் காலாவதி என்று வந்தால் உடனே சண்டைக்குப் போகாதீர்கள். பைப் உரிமம் இருந்தபோது செய்ததாகவும் இருக்கலாம். தயாரித்த தேதியைக் கேளுங்கள். பெயரே வேறாக வந்தால் அது வேறு கதை. அதே செயலியில் புகாரும் கொடுக்கலாம். படம் இணைக்க மறக்காதீர்கள்.

பேட்ச் எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. கடைக்காரன் புத்தி எனக்கு அங்கேதான் வேலை செய்யும். கான்ட்ராக்டர் கையில் சோதனைச் சான்றிதழ் இருக்கும், அழகாக லேமினேஷன் போட்டிருக்கும். அதில் எழுதியிருக்கிற பேட்ச் எண்ணும் பள்ளத்தில் கிடக்கிற பைப்பின் பேட்ச் எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள். ஒரு லாட்டுக்கு வாங்கிய சான்றிதழைக் காட்டி ஒன்பது லாட்டைத் தள்ளுவது என்பது கணக்குப் புத்தகத்தில் பார்த்தால் தெரியாது, பைப்பில் பார்த்தால்தான் தெரியும்.

வெயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் பக்கத்துச் சித்திரை வெயிலில் மாதக்கணக்கில் மூடாமல் கிடந்த பி.வி.சி. நிறம் வெளிறி நொறுங்கும் பதத்துக்கு வந்துவிடும். எண் எல்லாம் சரியாக இருந்தாலும் அப்படிப்பட்ட பைப்பை வாங்காதீர்கள்.

ஏன் இவ்வளவு பாடு என்று பெரிய வீட்டு ஆச்சி கேட்டார். “கணக்கப்பிள்ளை, தண்ணி போற குழாய்ல என்ன விஷமா வச்சிருக்கான்?” நியாயமான கேள்வி. பி.வி.சி.யைச் சூடாக்கி உருவாக்கும்போது அது சிதையாமல் இருக்க ஒரு நிலைப்படுத்தி சேர்க்க வேண்டும். மலிவான நிலைப்படுத்தி ஈயக் கலவை. அது கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் இறங்கும், குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். கால்சியம் துத்தநாகம் போன்ற மாற்று இருக்கிறது, விலை கூடுதல். பி.வி.சி. பைப்பில் ஈய நிலைப்படுத்தியைக் கட்டுப்படுத்த 2021-இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் தனி விதியே கொண்டுவந்தது. குடிநீரில் ஈயம் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்கிறது ஐ.எஸ். 10500.

ஆச்சி விடவில்லை. “ஈயச் சொம்புல ரசம் வச்சுத்தானே நாங்கள்லாம் வளர்ந்தோம்?” அந்தச் சொம்பு வெள்ளீயம். இது காரீயம். பெயரில்தான் இரண்டும் ஈயம். ஆச்சியின் சொம்பைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை என்று உறுதி கொடுத்தபிறகுதான் காபி வந்தது. (இப்போது விற்கிற ஈயச் சொம்பில் காரீயம் கலந்திருக்கிறதா என்பது தனிச் சந்தேகம். தெரிந்த கடையில் வாங்குங்கள்.)

டேங்குக்கும் வால்வுக்கும் அதே முறைதான். எண்ணைப் படி, உரிமத்தைச் சரிபார், அவ்வளவுதான்.

பிளீச்சிங் பவுடர் அப்படியல்ல. பைப் ஒருமுறை புதைக்கிற சமாச்சாரம். பவுடர் தினமும் மேல்நிலைத் தொட்டிக்குள் போகிறது. நல்ல பைப் நாலு மாதத்தில் கெட்டுப்போகாது, பவுடர் கெடும். அதனால் இங்கே கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

குடிநீருக்கான பிளீச்சிங் பவுடருக்குத் தர எண் 1065. மூட்டையில் அது இருக்க வேண்டும், தயாரித்த மாதம் இருக்க வேண்டும். நல்ல புதுப் பவுடரில் நூற்றுக்குச் சுமார் 33 பங்கு குளோரின் கிடைக்கும். சாக்கடை ஓரத்தில் தூவுகிற தூள் என்று ஒன்று விற்கிறார்கள். பலதில் சுண்ணாம்புதான் அதிகம். இரண்டும் வெள்ளை, இரண்டும் மூட்டை. ஊராட்சி ஸ்டோர் ரூமில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் டேங்க் ஆபரேட்டர் எதை எடுப்பார் என்பது அன்றைய அவசரத்தைப் பொறுத்தது. முதல் வேலையாக அவற்றைப் பிரித்து வைக்கச் சொல்லுங்கள்.

கணக்கைப் பாருங்கள், என் தொழில் இதுதானே. ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் என்பது ஊர்களில் வழக்கமாகப் போடுகிற அளவு. எங்கள் தொட்டி 30,000 லிட்டர், ஆக 120 கிராம். பவுடர் 33 பங்கு என்றால் அதில் 40 கிராம் குளோரின். தண்ணீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 1.3 மில்லிகிராம் ஆகும். அழுக்கைக் கொன்று, பைப்பில் வழியெல்லாம் செலவாகிக் கடைசி வீட்டுக்கு வரும்போது 0.2 மில்லிகிராமாவது மிச்சம் இருக்க வேண்டும். இதுதான் ஐ.எஸ். 10500 கேட்பது. இப்போது அதே மூட்டை திறந்த வாயோடு தகரக் கொட்டகையில் இரண்டு மாதம் கிடந்து 15 பங்காக இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே 120 கிராமில் குளோரின் 18 கிராம்தான், லிட்டருக்கு 0.6. கடைசி வீட்டில் ஒன்றும் இருக்காது. ரெஜிஸ்டரில் மட்டும் “120 கிராம் போடப்பட்டது” என்று தினமும் கையெழுத்து இருக்கும். அந்தக் கையெழுத்தில் பொய் கிடையாது, பவுடரில்தான் பலம் கிடையாது.

மூட்டையைப் பிரித்ததும் இறுக்கமாக மூடுகிற பிளாஸ்டிக் டிரம்மில் கொட்டி, பலகைமேல், நிழலில், ஈரம் படாத இடத்தில் வைக்க வேண்டும். இரும்பு டப்பா வேண்டாம், அரித்துவிடும். ஆறு மாதத்துக்கு மொத்தமாக வாங்கினால் விலை குறையும் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். தொட்டியில் போடும்போது தூளை அப்படியே கொட்டக்கூடாது. வாளியில் கரைத்து, அடியில் சுண்ணாம்பு படிந்தபின் தெளிந்த நீரை மட்டும் ஊற்ற வேண்டும். அப்புறம் அரைமணி நேரம் கழித்துத்தான் வால்வைத் திறக்க வேண்டும். எங்கள் ஆபரேட்டர் இதைச் சரியாகச் செய்கிறவர். அவரிடமிருந்துதான் நானே கற்றுக்கொண்டேன்.

மிச்சக் குளோரினைப் பார்க்க குளோரோஸ்கோப் என்கிற சின்னப் பெட்டி ஊராட்சியில் இருக்கும். ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குக் களச் சோதனைப் பெட்டியில் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று ஏற்பாடு இருக்கிறது, உங்கள் ஊரில் அவர்கள் யார் என்று கேட்டு வையுங்கள். கண்ணாடிக் குழலில் தண்ணீர் பிடித்துச் சொட்டு மருந்து விட்டால் மஞ்சள் நிறம் வரும், அதைப் பக்கத்து நிற அட்டையோடு ஒப்பிட வேண்டும். சொட்டு விட்டவுடன் பார்க்க வேண்டும். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் மஞ்சள் கூடித்தான் தெரியும், ஏமாந்துவிடுவீர்கள். அந்தத் தண்ணீரைக் குடிக்கவோ செடிக்கு ஊற்றவோ வேண்டாம், மருந்து நஞ்சு. தொட்டிக்குப் பக்கத்துக் குழாயில் பார்த்து மனம் நிறைய வேண்டாம். தெருக் கோடியில், கடைசி வீட்டில் பாருங்கள். எங்கள் ஊரில் கடைசி வீடு பெரிய வீட்டு ஆச்சியுடையதுதான். அங்கே முதல் தடவை பார்த்தபோது நிறமே வரவில்லை.

ஆச்சிக்கு அதில் அதிர்ச்சி இல்லை. அவர் குளோரின் வாடையே பிடிக்காமல் குழாய்த் தண்ணீரைக் குடிப்பதில்லை. அந்தக் காலத்தில் ஊருணித் தண்ணீரைக் குடத்தில் எடுத்துவந்து, தேத்தாங்கொட்டையைக் குடத்தின் உட்புறம் உரசித் தெளியவைத்துக் குடித்ததைச் சொன்னார். ஊருணியில் கால் நனைத்தாலே காவல்காரன் விரட்டுவானாம். அந்தக் காவல் நல்ல காவல். ஆனால் தேத்தாங்கொட்டை கலங்கலை அடியில் இறக்கும், கிருமியைக் கொல்லாது. இதை ஆச்சியிடம் சொன்னேன். “நீ சொன்னாச் சரிதான்” என்றார். நம்பினாரா என்பது அவருக்கும் அந்தக் குடத்துக்கும்தான் வெளிச்சம்.

நிறம் வராதது ஒருநாள் நடந்தால் ஆபரேட்டரிடம் சொன்னால் போதும். வாரக்கணக்கில் வராவிட்டால் தண்ணீரைச் சோதனைக்கு அனுப்புங்கள். வேதியியல் சோதனைக்கு இரண்டு லிட்டர், சுத்தமான கேனில், அதே தண்ணீரால் இரண்டு மூன்று தடவை அலசிவிட்டுப் பிடிக்க வேண்டும். கிருமிச் சோதனைக்கு நம் பாட்டில் செல்லாது. ஆய்வகத்தில் கொடுக்கிற கிருமி நீக்கிய பாட்டிலில் பிடித்து, ஐஸ் வைத்து, அன்றே கொண்டு சேர்க்க வேண்டும். குடிநீரில் 100 மில்லிக்குள் ஈ.கோலை இருக்கவே கூடாது. குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கட்டணம் கட்டிப் பொதுமக்களும் சோதிக்கலாம். ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

இனி காகித வேலை. வாயால் கேட்டால் வாயால்தான் பதில் வரும். தகவல் உரிமைச் சட்டம் 2005-இல் ஒரு மனு எழுதுங்கள். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் வர வேண்டும். வேறு அலுவலகத்துக்குப் போக வேண்டிய மனுவாக இருந்தால் வாங்கியவர்களே அனுப்பிவைக்க வேண்டும் என்பது 6(3) பிரிவு. அதனால் எந்த ஆபீஸ் என்று தெரியாமல் தயங்காதீர்கள். “ஏன் இப்படிச் செய்தீர்கள்?” என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் வராது. ஆவணத்தைக் கேளுங்கள்: பைப் வாங்கிய ஆணையின் நகல், சோதனைச் சான்றிதழ், இந்த வேலைக்கான எம்-புக் (செய்த வேலையை அளந்து எழுதி வைக்கிற புத்தகம்) பக்கங்கள், பிளீச்சிங் பவுடர் வாங்கிய பில்கள், ஸ்டாக் ரெஜிஸ்டர். பில்லில் தர எண் இல்லாவிட்டால் அதுவே ஒரு செய்தி.

பலருக்கும் தெரியாத ஒன்று: அதே சட்டத்தின் 2(ஜே) பிரிவில், வேலையை நேரில் பார்வையிடவும், பொருளின் சான்றிட்ட மாதிரியை எடுத்துக்கொள்ளவும் நமக்கு உரிமை இருக்கிறது. காகித நகல் மட்டும்தான் கிடைக்கும் என்று நினைக்காதீர்கள், ஒரு துண்டு பைப்பையே கேட்கலாம். நான் ஒருமுறை பவுடர் மாதிரி கேட்டு எழுதினேன். மாதிரி வருவதற்குள் பழைய மூட்டை போய்ப் புது மூட்டை வந்துவிட்டது. எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

மற்றது கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இதில் மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள், அன்று தண்ணீரைப் பற்றிப் பேசினால் யாரும் நேரமில்லை என்று சொல்ல முடியாது. எழுந்து நின்று நீளமாகப் பேசாதீர்கள். “இந்த வருஷம் வாங்கிய பவுடரின் தர எண்ணும் தயாரித்த மாதமும் தீர்மானப் புத்தகத்தில் எழுத வேண்டும்” என்று ஒரே வரி. எழுதினார்களா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். சிலர் வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்க நோட்டை நீட்டுவார்கள், பேனா எழுதவில்லை என்று சொல்லிவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பள்ளத்தருகே போய் அதிகாரம் செய்யாதீர்கள். வேலை செய்கிறவர்கள் கூலிக்கு வந்தவர்கள், பைப் வாங்கியவர்கள் அவர்கள் இல்லை. நான் போகும்போது ஒரு பாட்டில் மோர் கொண்டுபோவேன். மோர் குடித்தவர்கள் பைப்பைப் புரட்டிக் காட்டுவார்கள்.

இப்போது லைன் கீழத்தெருவுக்கு வந்திருக்கிறது. நேற்று 40 பைப் இறங்கியது. 34-ஐப் படித்து நோட்டில் எழுதிவிட்டேன்: 4985, ஒரே உரிம எண், இரண்டு பேட்ச். அடியில் கிடக்கிற 6 மட்டும் பாக்கி, எனக்கு முதுகு வளையவில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் பேரன் வந்து புரட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறான்.